சீனுவுக்கும் படித்துக் காட்டு

மோன்பெலியே

அன்புள்ள குமார்,

இங்கே எல்லாரும் நலம். உன் முதுகுவலி தேவலையா? அண்ணி சொல்கிற தைலத்தையே போடு, நீயாக வைத்தியம் பார்க்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம சீனு பத்திரிகை வேலையை விட்டுவிட்டுச் சுயேச்சையாகத் தேர்தலில் நிற்கப் போகிறானாமே! புரூஃப் பார்க்கும்போதே தூங்கி விழுகிறவன் சட்டமன்றத்தில் என்ன பண்ணுவான்? படித்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் பெரிய கட்சி ஒன்று அவனை எதிர்த்து ஆள் போடாமல் விட்டுக்கொடுக்கும் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே பக்கத்து ஊரில் இதே கதையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

தெற்கு பிரான்ஸில் இருக்கும் பெஸியேதான் அந்த ஊர். ஆள் எம்மானுவேல் மெனார் என்ற அம்மையார். மனித உரிமை அமைப்பில் வேலை பார்த்தவர், பிறகு பத்திரிகையாளர், பிறகு வலதுசாரி எம்.பி. கணவர் ராபர்ட் மெனாரை உனக்கு ஞாபகம் இருக்கும். 1985இல் இதே மோன்பெலியேவில் பத்திரிகைச் சுதந்திரத்துக்கான 'எல்லைகளற்ற நிருபர்கள்' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2008இல் கிரீஸில் பெய்ஜிங் ஒலிம்பிக் தீபம் ஏற்றும் விழாவுக்குள் புகுந்து சீனாவுக்கு எதிராகக் குரல் எழுப்பினாரே, அவரேதான். அன்றைக்கு நம் டெஸ்க்கில் நீதான் பெரிதாகக் கைதட்டினாய்.

அந்த மனிதர் 2014இல் லெ பென் அம்மையாரின் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணியின் ஆதரவோடு பெஸியே மேயர் ஆனார். வந்த கொஞ்ச நாளில் நகர மையத்தில் தெருவைப் பார்த்த பால்கனிகளில் துணி காயப்போடத் தடை. இதைச் சொன்னதும் என் வீட்டம்மா, "அப்போ அந்த ஊருக்குக் குடிபோகவே வேண்டாம்" என்றாள். அதாவது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். 2015இல் நகராட்சி இதழ் அட்டையில் செய்ததுதான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாதது. மாசிடோனியாவில் அகதிகள் ரயில் ஏறும் படம், ஏ.எஃப்.பி. என்ற பிரெஞ்சுச் செய்தி நிறுவனம் எடுத்தது. ரயில் ஜன்னலில் 'பெஸியே 3865 கி.மீ.' என்றும், இலவசப் படிப்பு, வீடு, உதவித்தொகை எல்லாருக்கும் என்றும் தாள் ஒட்டியிருப்பதுபோல் மாற்றிவிட்டார்கள். ஏ.எஃப்.பி. கண்டித்தது. கேப்ஷனில் ஒரு ஊர்ப் பெயர் மாறியதற்கு நம் நியூஸ் எடிட்டர் உன்னை எப்படி வறுத்தெடுத்தார், நினைத்துப் பார். நிருபர்களின் உரிமைக்காகத் தெருவில் நின்றவரின் ஊர்ப் பத்திரிகை இது! பல வருஷம் கழித்து, அகதிகளைப் பற்றித் தான் சொன்னவற்றுக்கு வெட்கப்படுவதாக அவரே சொன்னார். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் ஒருதலைப்பட்சம் என்பாய்.

எம்மானுவேலுக்கு வருகிறேன். 2017இல் அதே கட்சியின் ஆதரவோடு, ஆனால் கட்சியில் சேராமல் ஜெயித்தார். 577 பேர் கொண்ட பிரெஞ்சு நாடாளுமன்றக் கீழ்ச்சபையில் ஒரு குழு அமைக்கவே 15 பேர் வேண்டும். குழு இல்லாதவருக்குப் பேச நேரம் கிடைப்பதே அபூர்வம். அந்தம்மா சும்மா இருக்கவில்லை, மசோதாக்களுக்குத் திருத்தங்களாக எழுதித் தள்ளினார். அவர் அரசியல் எனக்கு அறவே ஆகாது, உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். 2022இல் மறுபடியும் ஜெயித்தார். அதே லெ பென் கட்சிக்கு (இப்போது பெயர் மாறிவிட்டது) அந்த முறை 89 இடம். தனிக் குழுவே அமைந்தது, இவர் அதிலும் சேரவில்லை. 2024 ஜூனில் அதிபர் மக்ரோன் திடுதிப்பென்று சபையைக் கலைத்தார். கட்சி இவரை எதிர்த்தே ஆள் நிறுத்தியது. ஜெயித்தவர் அந்த ஆள்தான்.

ஏழு வருஷ எம்.பி.யை ஒரே மாதத்தில் கழற்றிவிட்டார்கள் குமார். துரோகம் என்று சொல்லவும் வழியில்லை, அவர் கட்சியிலேயே இல்லையே. அந்தத் தொகுதி ஓட்டில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு கட்சியினுடையது என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தார்கள்.

சீனுவிடம் ஒன்றே ஒன்று கேள். அந்தக் கட்சி அடுத்த முறை ஆள் போட்டால், அவனுக்கென்று பூத்தில் உட்கார எத்தனை பேர் இருப்பார்கள்? பதிலுக்குப் பாட்டுப் பாடினால் நாமினேஷன் தேதிக்கு முன்னால் எனக்குப் போன் போட்டுக் கொடு, நான் பேசுகிறேன். போஸ்டர் அடிக்கிற செலவை மட்டும் உன் தலையில் கட்டப் பார்ப்பான், ஜாக்கிரதை.

உன்
மணி