பிக்கப்பின் முன்பக்கம்: குணத்துக்கு ஒரு பதில்

கொழும்பு

அன்பின் குணம்,

உன் கடிதம் கிடைத்தது. இளையவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது பெரிய சந்தோஷம். தவணை தொடங்க முன் அங்கே வந்து விருந்து சாப்பிடாமல் விடமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவை. இனி உன் பிக்கப். மூன்று வரியில் கேட்டுவிட்டு என்னை மூன்று பக்கம் எழுத வைக்கிறாய்.

“92ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கப், முன்பக்க ஸ்டியரிங் சாமான் முழுக்க வேணும்” என்று எழுதியிருக்கிறாய். இங்கே உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இப்படிக் கேட்டால் எதையாவது எடுத்து மேசையில் வைப்பார்கள். அது உன் வாகனத்துக்குப் பொருந்தாது. அந்த ஆண்டுகளில் வந்த ஹைலக்ஸ், வெளியில் ஒரே மாதிரி இருந்தாலும் கீழே இரண்டு வேறு வாகனங்கள். மாடல் இலக்கம் எல்.என். 106 என்றால் முன்னுக்கும் ஒரே குழாய் அச்சு, அதோடு இரண்டு பக்கமும் வில்லுத் தகடு. எல்.என். 107 என்றால் சில்லுகள் தனித்தனியாக அசையும், வில்லுக்குப் பதில் நீளவாக்கில் முறுக்குக் கம்பி. ஸ்டியரிங் சாமானில் ஒன்றுக்குரியது மற்றதுக்கு வராது. எஞ்சின் அறையில் உள்ள தகட்டைப் பார், அல்லது வலது முன் சில்லுக்குக் கிட்ட சேஸியில் அடித்திருக்கும் இலக்கத்தைத் துடைத்து வாசி. தகட்டைப் போனில் படம் எடுத்து வை. கடையில் ஆண்டைச் சொல்லாதே, இந்த இலக்கத்தைக் காட்டு.

கனடாவில் இருக்கும் மச்சானிடம் சாமான் அனுப்பச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். வட அமெரிக்கச் சந்தையில் ரொயோட்டா பிக்கப்புக்குக் குழாய் முன்னச்சு 85ஆம் ஆண்டு மாடலோடு முடிந்துவிட்டது. அவர் “92 பிக்கப்” என்று ஓடர் பண்ணினால் முறுக்குக் கம்பி வண்டியின் சாமான்தான் வந்து சேரும். அதோடு அங்கே இடதுபக்க ஸ்டியரிங். ஸ்டியரிங் பெட்டி, அதிலிருந்து வரும் கையான பிற்மன் ஆம், அந்தக் கையைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் ட்ராக் லிங்க் எதுவும் உனக்கு உதவாது. நக்கிள் (அச்சின் முனையில் சில்லோடு திரும்பும் மூட்டு) பெயாரிங், சீல் போன்றவற்றை 79–85 பிக்கப்புக்கு என்று கேட்டால் பொருந்த வாய்ப்புண்டு, அதையும் இலக்கம் ஒப்பிட்டுத்தான். மெல்பேர்னில் உன் தம்பி இருக்கிறானே, அவனிடம் கேட்பது புத்தி. அவுஸ்திரேலியாவில் 97 வரை இந்த எல்.என். 106 விற்றார்கள், அங்கேயும் வலதுபக்க ஸ்டியரிங், காட்டுப் பாதை ஓட்டுகிறவர்களுக்காக இன்றும் புதுச் சாமான் செய்கிறார்கள்.

ஆனால் வாங்க முன் என்ன பழுது என்று பார். 60ஐத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் உதறி நிற்காமல் ஆடுகிறது என்கிறாய். ஊரில் எல்லாரும் ஸ்டியரிங் டாம்பரை (உதறலை அடக்கும் ஷொக்) மாத்தச் சொல்வார்கள். மாத்தினால் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு முன்னையைவிட மோசமாக வரும். டாம்பர் நோயை மறைக்கும், மாற்றாது. குழாய் அச்சு வண்டியில் இந்த உதறலுக்கு நான் முதலில் சந்தேகிப்பது நக்கிளைத் தாங்கும் மேல், கீழ் பெயாரிங்குகளை. அவற்றின் இறுக்கம் போனால் சில்லு தன்பாட்டில் ஆடத் தொடங்கும்.

சோதிப்பது லேசு. முன்னச்சை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் வைத்துவிட்டு, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு. நின்றுவிட்டால் சில்லுப் பெயாரிங். பிரேக் மிதித்தும் ஆடினால் நக்கிள் பெயாரிங். பிறகு வண்டியை நிலத்தில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்ட, நீ கீழே ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பார். லொடக்கென்று கையில் தட்டும் மூட்டு எதுவோ அதுதான் போனது. ரை-ரொட் எண்டின் (இரண்டு முன் சில்லுகளையும் இணைக்கும் தண்டின் முனை மூட்டு) ரப்பர் கிழிந்திருந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் கணக்கில் சேர்த்துக்கொள். உள்ளே மண் போய்விட்டது என்று அர்த்தம்.

நக்கிளின் உருண்டையைத் துடைத்துப் பார். கறுப்புத் தண்ணி போல வழிந்தால் உள் அச்சுச் சீல் போய், டிஃபரன்ஷியல் ஒயில் கிறீசோடு கலந்துவிட்டது. அந்த நிலையில் வெறும் ரை-ரொட் மட்டும் மாத்துவது காசை வீணாக்குவது. நக்கிளைக் கழற்றத்தான் வேண்டும், கழற்றினால் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்.

ஓடர் தாளில் எழுத வேண்டியது: நக்கிள் பெயாரிங் நாலு, சில்லுப் பெயாரிங் உள் இரண்டு வெளி இரண்டு, ரை-ரொட் எண்ட் இரண்டு, ட்ராக் லிங்க் திருத்தும் கிட் ஒன்று, நக்கிள் சீல் கிட். ரொயோட்டாவின் இலக்கம் ஐந்து, ஐந்தாகப் பத்து எழுத்து. முதல் ஐந்து சாமானின் வகையைச் சொல்லும். ரை-ரொட் எண்ட் 45046, நக்கிள் கிட் 04434, வில்லுப் புஷ் (வில்லின் கண்ணில் வரும் உறை) 90385, டாம்பர் 45700 என்று தொடங்கும். மிச்ச ஐந்தை உன் சேஸி இலக்கத்தை வைத்துக் கடையிலேயே பார்த்துச் சொல்வார்கள். ரொயோட்டாவின் நக்கிள் கிட்டுக்குள் பெயாரிங் வராது. ஒரு கிட் ஒரு பக்கத்துக்கா இரண்டுக்குமா என்றும் கேட்டு வாங்கு.

ரை-ரொட் எண்டில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒன்று வலது மரை, மற்றது இடது மரை. ஒரே மாதிரி இரண்டைக் கொண்டுவந்தால் ஒன்று ஏறாது. பழையதைக் கையோடு கொண்டுபோய் மரையின் தடிப்பு, கூம்பு வடிவத் தண்டின் பெரிய பக்கத்து விட்டம், முழு நீளம் மூன்றையும் அளந்து ஒப்பிடு. கூம்பு சரியில்லாவிட்டால் நட் இறுகினது போலக் காட்டும், உள்ளே ஆட்டம் இருக்கும். ஒருநாள் கழன்றால் ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் தொடர்பே இல்லை.

புதுசில் 555 என்ற ஜப்பான் மார்க் கிடைத்தால் யோசிக்காதே. ஆனால் அதன் பேரில் போலியும் சந்தையில் உண்டு. பெட்டியை நம்பாமல் சாமானை எடுத்துப் பார்: குறி இரும்பிலேயே இருக்க வேண்டும், உள்ளே உள்ள உருண்டை மூட்டு (போல் ஜொயின்ற்) எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கத்தோடு திரும்ப வேண்டும், கையை விட்டதும் தொங்கி விழக்கூடாது. பெயாரிங் என்றால் கோயோ, என்.டி.என், என்.எஸ்.கே. மூன்றில் ஒன்று.

பழையதில் எதை வாங்கலாம்? ஸ்டியரிங் பெட்டி, நக்கிள், பிற்மன் ஆம், அச்சுக் குழாய் இவற்றை ஜப்பானிலிருந்து வெட்டி வந்த வண்டியிலிருந்து தாராளமாக வாங்கலாம். உருண்டை மூட்டு உள்ள எதையும் பழையதாக வாங்காதே, எவ்வளவு மலிவாகத் தந்தாலும். பெட்டியைக் கையால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சுற்று. நடுவில் கரகரத்தால் வை கீழே. கேஸ் வெட்டின நீல நிறமோ ஒட்டுத் தையலோ ஆமில் தெரிந்தாலும் அப்படியே. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினதிலிருந்து 2025இல் திறக்கும் வரை பழைய வண்டிகளை எப்படியாவது ஓட வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஒட்டித் தட்டி எடுத்த சாமான்கள் இன்னும் சுற்றுகின்றன.

பூட்டும்போது உன் மெக்கானிக் பாஸுக்குச் சொல்ல வேண்டியவை சில. நக்கிள் மூடிகளுக்குக் கீழ் மெல்லிய தகடுகள் இருக்கும். மேல், கீழ், இடம், வலம் கலக்காமல் தனித்தனியாகக் கட்டி வைக்க வேண்டும். சீலும் அச்சும் போடாத நிலையில், ரை-ரொட் துளையில் தராசுக் கொக்கியை மாட்டி இழுத்தால் 3 முதல் 6 கிலோவில் நக்கிள் அசையத் தொடங்க வேண்டும். அதைவிட லேசாக அசைந்தால் ஒரு தகட்டைக் குறைக்க வேண்டும். இதைச் செய்யாமல் புதுப் பெயாரிங் போட்டால் உதறல் அப்படியே இருக்கும், பழி சாமானில் விழும். மேல் ஆமின் ஸ்டட்டுகளில் உள்ள கூம்பு வொஷர்களைத் தொலைத்துவிட வேண்டாம். அவை தளர்ந்துதான் ஸ்டட் முறிகிறது. நக்கிளுக்குள் மொலிப்டினம் கிறீஸ் முக்கால்வாசி. ஹப் நட்டுக்கு 54 மில்லிமீற்றர் சொக்கெற் வேண்டும். உளியால் தட்டிச் சுற்ற விடாதே.

கூம்பைக் கழற்ற போல்ட்டின் தலையில் அடிக்கக் கூடாது. ஆமின் கண்ணில் பக்கவாட்டாக இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தால் தானாக விடும். பூட்டும்போது கூம்பு காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், கிறீஸ் பூசக் கூடாது. கொட்டர் பின் துளை நேர்ப்படாவிட்டால் நட்டை இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல.

வில்லுப் பக்கம்: ஒரு வில்லுக்கு மூன்று இடம், இடத்துக்கு இரண்டு புஷ் துண்டு, ஆக முன்னுக்கு மட்டும் பன்னிரண்டு. உன் ஊர்ப் புழுதிக்கு ரப்பர்தான் நல்லது. பொலியுரிதேன் கிறீஸ் காய்ந்ததும் கீச்சிடும். புஷ் போல்ட்டுகளை வண்டி நிலத்தில் நின்று பாரம் ஏறிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும். வில்லை அச்சோடு கட்டும் யூ-போல்ட்டுகளைப் புதுசாகப் போட்டு, 500 கிலோமீற்றர் ஓடினதும் ஒருமுறை இறுக்கு. பாரம் ஏற்ற முன்னுக்குத் தகடு கூட்டச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேளாதே. முன்பக்கம் உயர்ந்தால் ட்ராக் லிங்கின் கோணம் மாறி, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட் கடையில் கம்பர், காஸ்டர் என்ற சாய்வுக் கோணங்களுக்குப் பில் போட்டால் கொடுக்காதே. இந்த அச்சில் திருப்பிச் சரிசெய்யக்கூடியது சில்லுகளின் முன் நெருக்கம் ஒன்றுதான், அதுவும் ரை-ரொட்டில்.

தகட்டின் படத்தையும், சில்லை ஆட்டிப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதையும் அனுப்பு. விலை கேட்டுச் சொல்கிறேன். பெயாரிங்கும் ரை-ரொட்டும் இரவு பஸ்ஸில் பார்சலாக வரும், பெட்டி தேவைப்பட்டால் மட்டும் நீ வந்து கையால் சுற்றிப் பார்த்து எடு.

அன்புடன்,
சிவா