பாட்டிலைத் திறக்கும் முன் படத்தைப் பார்

சென்னை
2024 மார்ச் 1

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை நேற்று அம்மா வாய்விட்டுப் படிக்க, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 10-ஆம் தேதி ஞாயிறு உன் சான் ஹோசே வீட்டில் பத்துப் பேர், ஆஸ்கர் நேரலை, சிறந்த படத்துக்குப் போட்டியிடும் பத்துப் படங்களுக்கும் படத்துக்கொரு ஒயின், படத்துக்கொரு பலகாரம். "கப்பல்லயும் ஓட்டல்லயும் ஒயின் ஊத்தினவரு நீங்க, சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கப்பா" என்று கீழே எழுதியிருந்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அம்மாவைக் கேள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விருதும் விருந்தும் ஒன்றாகப் பிறந்தவைதான், பாப்பா. 1929 மே 16-இல் ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஓட்டலில் நடந்த முதல் ஆஸ்கர் ஒரு இரவு விருந்து. விருது கொடுத்து முடிக்கக் கால் மணி நேரம்தான் ஆனது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம், ஆகவே ஒயினுக்கு இடமில்லை. 1944-இல் விழா சைனீஸ் தியேட்டருக்குப் போனபோது, போர்க்காலத்தில் ஆடம்பர விருந்து வேண்டாம் என்று சாப்பாட்டை நிறுத்தினார்கள். நீ அந்தப் பழைய வழக்கத்தை உன் வீட்டில் மறுபடி தொடங்குகிறாய், நன்றாகவே செய்யலாம்.

ஆனால் உன் பட்டியலில் பாதி, போஸ்டரின் நிறத்தைப் பார்த்துப் போட்டது. பிங்க் படத்துக்குப் பிங்க் ஒயின், அணுகுண்டுப் படத்துக்கு நெருப்புக் காக்டெயில். படம் நடக்கிற மண்ணில் என்ன விளைகிறது, அந்த மனிதர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எதைக் குடிக்கிறார்கள் என்று பார். விருந்தாளி ஒருவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு "ஏன் இது?" என்று கேட்டால், படத்திலிருந்து உனக்குப் பதில் வர வேண்டும். வராத பாட்டிலை மேஜையில் வைக்காதே. பார்பிக்கு மட்டும் உன் ரோஸே அப்படியே இருக்கட்டும். அந்தப் படத்தில் நிறமும் கதைதான். கலிஃபோர்னியா ரோஸே பல கொஞ்சம் இனிக்கும். தெற்கு பிரான்ஸின் ப்ரோவான்ஸ் ரோஸே வாங்கு, இனிப்பில்லாமல் உப்புப் பலகாரத்தோடு போகும்.

அனாடமி ஆஃப் எ ஃபால் படத்துக்கு நீ பிரான்ஸின் போர்தோ ஒயின் எழுதியிருக்கிறாய். பிரெஞ்சுப் படம் என்பதால் போட்டிருப்பாய். ஆனால் கதை நடப்பது ஆல்ப்ஸ் மலையில், வழக்கு நடப்பது கிரனோபிள் நகரில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மோன் கிரானியே என்று ஒரு மலை இருக்கிறது. 1248-இல் ஒரு இரவு அதன் ஒரு பக்கம் அப்படியே சரிந்து விழுந்து, கீழே இருந்த ஊர்களை மூடிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தச் சரிவின் கற்குவியல் மேல்தான் இன்று அப்ரமோன் என்ற வெள்ளை ஒயினுக்கான திராட்சை விளைகிறது. ஜாக்கேர் என்பது அந்தத் திராட்சையின் பெயர். ஒரு விழுகையை விசாரிக்கிற படத்துக்கு, ஒரு விழுகையின் மேல் விளைந்த ஒயின். இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியாது. மெல்லிய உடம்பு, நல்ல புளிப்பு, ஆல்கஹால் 11 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். விலையும் குறைவு.

அதோடு அந்த ஊர் கிராத்தான் தோஃபினுவா செய். இரண்டு கிலோ உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாகச் சீவு. சீவின பிறகு கழுவவே கூடாது, அந்த மாவுச்சத்துதான் பாலையும் கிரீமையும் கெட்டியாக்கும். பாத்திரத்தில் பூண்டைத் தேய்த்து, உப்பு, மிளகு, துளி ஜாதிக்காய் போட்டு, 160 டிகிரி செல்சியஸில் ஒன்றேகால் மணி நேரம் மெதுவாக வேகவிடு. சீஸ் போட வேண்டாம், பழைய முறையில் அது கிடையாது. கிரீமின் கனத்தை அப்ரமோனின் புளிப்பு வெட்டிவிடும். அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிவிடும். உன் சைவ நண்பர்களுக்கும் இது வயிறு நிறையும்.

ஆப்பன்ஹைமர் பதின்மூன்று பரிந்துரைகளோடு வருகிறது, அதை வைத்தே விருந்தைத் தொடங்கு. அணுகுண்டு உருவான லாஸ் அலமாஸ் இருப்பது நியூ மெக்ஸிகோவில். ஷாம்பேன் பகுதியிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பம் 1980-களில் அந்த மாநிலத்தில் குடியேறி, குரூவே என்ற பெயரில் நுரைக்கும் ஒயின் செய்யத் தொடங்கியது. பாலைவன மேட்டு நிலம், பகலில் வெயில், ராத்திரியில் குளிர்; அந்தக் குளிரில்தான் திராட்சையின் புளிப்பு தங்குகிறது. முதலில் பாப்கார்னோடு ஊற்று. உப்பும் வெண்ணெயும் நுரையும் ஒன்றுக்கொன்று அப்படி ஒத்துப்போகும். பிறகு அந்த ஊர்ப் பச்சை மிளகாய்க் குழம்பு வைத்தாயானால், அதே கம்பெனியின் இலேசாக இனிக்கிற டெமி-செக் வகைக்கு மாறு. காரத்துக்கு எதிரே அதிக ஆல்கஹால் வைத்தால் எரிச்சல் ஏறும், கொஞ்சம் இனிப்பு இருந்தால் அடங்கும். நம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான். ஆப்பன்ஹைமர் மார்ட்டினி கலக்குவதில் பேர் போனவர், அது உண்மை. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மார்ட்டினியில் தொடங்கினால் சிறந்த படம் அறிவிக்கும்போது பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

பாஸ்ட் லைவ்ஸ் கொரியாவில் தொடங்கும் கதை, அதற்கு ஒயினே வேண்டாம். கிம்ச்சி தோசை போல ஊற்றிச் சுடும் கிம்ச்சி-ஜான், கூட மாக்கொல்லி. அரிசியில் புளிக்கவைத்த, பால் மாதிரி கலங்கலான கொரியப் பானம், 6 சதவீதம்தான். மழை நாளில் இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது கொரியர்களின் பழக்கம். அடியில் வண்டல் நிற்கும். பாட்டிலைக் குலுக்காமல் மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கு. கிளாஸில் ஊற்றாதே, சின்னக் கிண்ணங்களில் கொடு. பெரியவர்களுக்கு இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும்.

இப்போது ஹோல்டோவர்ஸ். அம்மாவுக்கும் எனக்கும் இந்த வருஷத்தில் மிகவும் பிடித்த படம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இதன் இயக்குநர் அலெக்ஸாண்டர் பேய்ன், நடிகர் பால் ஜியாமட்டி இருவரும் இருபது வருஷத்துக்கு முன்னால் சைட்வேஸ் என்ற படத்தில் சேர்ந்தவர்கள். உன் ஊரிலிருந்து தெற்கே சில மணி நேரக் காரோட்டத்தில் இருக்கிற சாந்தா பார்பரா திராட்சைத் தோட்டங்களில் நடந்த கதை. அது வந்த பிறகு அமெரிக்காவில் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினின் விற்பனை கிடுகிடுவென ஏறியது, மெர்லோ என்ற இன்னொரு சிவப்பு ஒயின் இறங்கியது. படத்துக்குத் திரைக்கதை ஆஸ்கர் கிடைத்தது, ஜியாமட்டிக்குப் பரிந்துரைகூட இல்லை. எனக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு. இந்த வருஷம் அவர் சிறந்த நடிகர் பட்டியலில் இருக்கிறார். ஆகவே சாந்தா ரீட்டா ஹில்ஸ் பினோ நுவார் ஒரு பாட்டில் அவருக்காகத் திற. காளானை வெண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி ரொட்டித் துண்டில் வைத்துக் கொடு. பினோவுக்கும் காளானுக்கும் ஒரே மண்வாசனை. துவர்ப்பு குறைந்த சிவப்பு ஒயின் என்பதால் உங்கள் ஊர்ச் சால்மன் மீனோடும் ஒத்துப்போகும்.

ஹோல்டோவர்ஸ் படத்தில் ஆசிரியர், மாணவன், பள்ளிச் சமையல்கார அம்மா மூவரும் பாஸ்டன் ரெஸ்டாரண்ட் ஒன்றுக்குப் போகிறார்கள். பையன் செரீஸ் ஜுபிலி கேட்கிறான், செர்ரிப் பழத்தில் மது ஊற்றிக் கொளுத்தும் இனிப்பு அது. பிராந்தி சேர்ப்பதால் வயது போதாது என்று மறுத்துவிடுகிறார்கள். வெளியே கார் நிறுத்துமிடத்தில் மூன்று பேரும் தாங்களே கொளுத்திச் சாப்பிடுகிறார்கள். நீயும் செய். மார்ச்சில் நல்ல செர்ரி கிடைக்காது; கொட்டை எடுத்து உறையவைத்தது ஒரு கிலோ வாங்கிக்கொள். சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சாறு விடும்வரை கொதிக்கவிட்டு, கொஞ்சம் சோளமாவு கரைத்து ஊற்று. குடிக்காதவர்களுக்கான பங்கை இந்தக் கட்டத்திலேயே தனியே எடுத்து வை. கொளுத்தினால் ஆல்கஹால் முழுதும் எரிந்துபோகும் என்று நினைப்பது தவறு, மிச்சம் இருக்கும்.

கொளுத்தும்போது நான் சொல்கிறபடியே செய். மேலே ஓடும் ஃபேனை நிறுத்து. வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி வை. 60 மில்லி பிராந்தியை லேசாகச் சூடாக்கிச் சின்னக் கப்பில் எடுத்து ஊற்று. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றவே கூடாது, தீ பாட்டிலுக்குள் ஏறும். நீளமான லைட்டரால் ஓரத்தில் பற்றவை, முகத்தைத் தள்ளி வை, மூடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். தலைமுடியைக் கட்டிக்கொள், துப்பட்டா வேண்டவே வேண்டாம். நீல ஜ்வாலை ஒரு நிமிஷத்துக்குள் தானாக அடங்கும். உடனே வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக் கொடு. மாப்பிள்ளையைப் பக்கத்தில் நிற்கச் சொல். கடிதத்தில் இந்த ஒரு பத்தியை மட்டும் அன்றைக்குக் காலையில் மறுபடி படி.

மேஸ்ட்ரோவுக்கு நீ ஒன்றும் எழுதவில்லை, ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாய். அது இசைக்கலைஞர் லெனார்ட் பெர்ன்ஸ்டீனின் கதை. அவர் மனைவி ஃபெலிசியா சிலியில் வளர்ந்தவர். கார்மினேர் என்று ஒரு போர்தோ திராட்சை, பிரான்சில் பூச்சித் தாக்குதலுக்குப் பிறகு கிட்டத்தட்ட அழிந்தே போனது. சிலியில் அது மெர்லோ என்ற பெயரிலேயே தோட்டம் தோட்டமாக வாழ்ந்துகொண்டிருந்தது. 1994-இல்தான் ஒரு பிரெஞ்சு நிபுணர் அதை அடையாளம் கண்டார். உள்ளே ஒருவராகவும் வெளியே வேறொருவராகவும் வாழ்ந்த ஒரு மனிதரின் கதைக்கு இந்த ஒயினைத்தான் வைப்பேன். அமெரிக்கன் ஃபிக்ஷனுக்குத் தனி பாட்டில் தேவையில்லை. மாசசூசெட்ஸ் கடற்கரைக் கதை, ஒரு பாத்திரம் கிளாம் சௌடர் என்ற சிப்பி சூப் வை. மிச்சமிருக்கும் அப்ரமோன் போதும்.

புவர் திங்ஸில் பெல்லா லிஸ்பனில் கஸ்டர்ட் டார்ட்டை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குவாள், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாஸ்டெல் டி நாட்டாவைச் சூடாக, பட்டைத்தூள் தூவிக் கொடு. அவள் லிஸ்பனிலிருந்து கப்பலேறுகிறாள்; ஒயினும் கப்பலேறியதாக இருக்கட்டும். பழைய நாளில் மதேய்ரா தீவின் பீப்பாய்கள் கப்பலில் வெப்பமண்டலக் கடலைக் கடந்தபோது, அந்தச் சூட்டில் ஒயின் கெடாமல் இன்னும் ருசியாகிவிட்டது. இன்று கரையிலேயே சூடுபடுத்திப் பக்குவப்படுத்துகிறார்கள். இனிப்பான புவால் வகை வாங்கு. பலகாரத்தைவிட ஒயின் இனிப்பு கம்மியாக இருந்தால் நாக்குக்குப் புளிப்பும் கசப்பும்தான் தெரியும். திறந்த பாட்டில் மாதக்கணக்கில் கெடாது.

இரண்டு படங்கள் மிச்சம். இவற்றைத்தான் அழுத்திச் சொல்ல நினைத்தேன்.

கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூனுக்கு நீ போர்பன் விஸ்கி எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. 1920-களில் ஓக்லஹோமாவில் எண்ணெய் உரிமைக்காக ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களைச் சுட்டும், குண்டு வைத்தும், நஞ்சு கொடுத்தும் கொன்றார்கள். கள்ளச் சாராயமும் அதற்கு ஒரு கருவியாக இருந்தது. அந்தக் கதைக்கு முன்னால் மதுக் கிளாஸைத் தூக்கக் கூடாது. உலர்ந்த சோளத்தில் சூப் வை, ஓசேஜ் வீடுகளின் சாப்பாடு அது. கூடவே தண்ணீர். அதில் நடித்த லில்லி கிளாட்ஸ்டோனின் பெயரைச் சொல்லி, சிறந்த நடிகைக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் என்று எல்லோருக்கும் சொல்.

தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்டுக்கு எதுவும் வேண்டாம். ஆஷ்விட்ஸ் முகாமின் மதில் ஒட்டிய வீட்டில் தோட்டம் போட்டு, விருந்து வைத்து, வயிறாரச் சாப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை. அந்தப் படம் சொல்வதே அதுதான். மெனு அட்டையில் படத்தின் பெயரை மட்டும் எழுதி, எதிரே இடம் விடு. யாராவது கேட்டால் காரணத்தைச் சொல். விருந்து கெட்டுப்போகாது. உன் நண்பர்கள் உன்னைக் கூடுதலாக மதிப்பார்கள்.

அளவு. ஆளுக்கு 60 மில்லிதான் ஊற்று, ஒரு பாட்டிலில் பன்னிரண்டு பேருக்கு வரும். மதேய்ரா 40 போதும். எல்லாம் சேர்த்தால் ஒருவருக்கு ஏறக்குறைய மூன்று கிளாஸ் வரும், மூன்றரை மணி நேரத்துக்கு அது சரி. ஒவ்வொரு ஊற்றலுக்கும் நடுவே தண்ணீர். கார் ஓட்டுபவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் வெறும் கோலாவை நீட்டாதே. வாட்ஸன்வில்லில் 1868-இல் தொடங்கிய மார்டினெல்லி கம்பெனி ஆப்பிள் சாறு செய்கிறது, உனக்குப் பக்கத்து ஊர்தான். அதை நன்றாகக் குளிரவைத்து, குரூவே ஊற்றுகிற அதே உயரக் கிளாஸில் கொடு.

குரூவேயை முந்தைய ராத்திரியே ஃப்ரிட்ஜில் வை. அப்ரமோனை ஊற்றுவதற்குக் கால் மணி முன்னால் வெளியே எடு, பினோவைக் கால் மணி உள்ளே வை. அன்றைக்கு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிற நாள். விழா நாலு மணிக்கே தொடங்குகிறது, கிராத்தான் இரண்டரைக்கு ஓவனில் இருக்க வேண்டும்.

எங்களுக்கு அது திங்கள் விடிகாலை நாலரை. அம்மா இப்போதே அலாரம் வைத்துவிட்டாள். சிறந்த துணை நடிகைக்கான விருது ஹோல்டோவர்ஸில் நடித்த டாவைன் ஜாய் ராண்டால்ஃபுக்குத்தான் என்று அடித்துச் சொல்கிறாள். மெனு அட்டை எழுதியதும் போட்டோ எடுத்து அனுப்பு. அப்ரமோன் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்காவிட்டால் உடனே சொல், வேறு யோசிப்போம்.

அன்புடன்,
அப்பா