பார்ட்ஸ் வாங்குவதற்கு முன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் "பிரேக் சரியில்லப்பா, மாஸ்டர் சிலிண்டரை மாத்தணும்னு சொல்றாங்க" என்றாய். ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு. அந்தப் பிக்கப் உன்னைவிட மூத்தது. எதை மாற்றச் சொன்னாலும் நியாயமாகத்தான் படும், ஏனென்றால் எல்லாமே பழசு. எதையும் வாங்குவதற்கு முன் பெடலில் உன் கால் என்ன உணர்கிறது என்று பார்.

வண்டி நிற்கும்போதே பெடலை நிதானமாக அழுத்தி, அப்படியே அரை நிமிஷம் பிடித்துக்கொள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது, ஆனால் எங்கேயும் ஈரமில்லை, டப்பாவில் பிரேக் ஆயில் மட்டமும் குறையவில்லை என்றால், மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் போய்விட்டது. அவர்கள் சொன்னது சரி. பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தால் ஆயில் போகும் லைனில் ஏர் புகுந்திருக்கும்.

நீ சொன்னது வேறு. முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, உடனே இன்னொரு தரம் மிதித்தால் மேலேயே பிடிக்கிறது என்றாய். எனக்குப் பின் டிரம் மேல்தான் சந்தேகம். சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும், உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகமானால் இப்படித்தான் ஆகும். ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துவிட்டு மிதித்துப் பார். பெடல் உயரமாக நின்றால் பின் ஷூவை அட்ஜஸ்ட் செய்தாலே போதும். பல பழைய பிக்கப்புகளில் ரிவர்ஸில் பிரேக் பிடிக்கும்போது அது தானாகவே இறுக்கிக்கொள்ளும். துருவேறினால் அதை இறுக்கும் பல்சக்கரம் சுற்றாது.

டிரம்மைக் கழற்றினால் ஷூ ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார். திக்காக, கந்தக வாடையோடு இருந்தால் அது பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் ஆயில், ஆக்ஸில் சீல் போயிருக்கிறது. தண்ணீர்போல் மெல்லியதாக இருந்தால் அது பிரேக் ஆயில், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. எதுவானாலும் ஆயில் குடித்த ஷூவைத் துடைத்துத் திரும்ப மாட்டாதே, புதுசுதான் போட வேண்டும். உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதிவிடாதே. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது.

வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றாயே, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே வண்டிக்கு இதே தொல்லை வந்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை மாற்றினேன். மூன்று மாதத்தில் மறுபடி இழுத்தது, மறுபடி மாற்றினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் சின்ன ரப்பர் ஹோஸில். வெளியே கருகருவென்று நன்றாகத்தான் இருந்தது. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். உள்ளே ரப்பர் உரிந்து நாக்குபோல் தொங்கிக்கொண்டிருந்தது. மிதிக்கும்போது ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போகும், காலை எடுத்தால் திரும்பி வர விடாமல் அது அடைத்துக்கொள்ளும். அந்தச் சக்கரம் மட்டும் பிரேக் பிடித்தபடியே ஓடும். அன்று உன் அம்மாவும் நீயும் என்னோடு வண்டியில் இருந்தீர்கள். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

சோதிப்பது எளிது. பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ரிம்முக்கு அருகே கையைக் கொண்டுபோ, தொடாதே. ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான் ஆள். ஆறியபின் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, பெடலை மிதித்துக் காலை எடுத்தபின், சக்கரத்தைச் சுற்று. சுற்றாவிட்டால் காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளை லேசாகத் தளர்த்து. ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் பெரும்பாலும் ஹோஸ். அப்போதும் பிடித்துக்கொண்டே இருந்தால் காலிப்பரில் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே, கண்ணு.

பாரம் இல்லாதபோது பின்சக்கரம் சட்டென்று லாக் ஆகிறதா என்றும் கவனி. சேஸிஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஒரு கம்பி போகும். பாரத்துக்குத் தகுந்தபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. சகதியிலும் துருவிலும் அதுவும் இறுகிவிடும்.

எதைச் சரிசெய்தாலும் ஆயிலைப் புதுசாக மாற்றிவிடு. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். பெடலை மிதித்து லைனிலிருந்து ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வை. தரைவரை மிதித்தால், வாஷர் இத்தனை வருஷமாகத் தொடாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழியும். நல்ல மாஸ்டர் சிலிண்டரையும் நாமே கெடுத்துவிடுவோம்.

இதற்கெல்லாம் முன்னால், நாளைக் காலையில் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் போகும் இரும்புக் குழாய்களைப் பார். கிளிப் பிடிக்கும் இடங்களிலும் ஆக்ஸிலுக்கு மேலேயும் துணியால் துடைத்துப் பார். பொருக்குத் தட்டி உப்பியிருந்தால் சாவியை உள்ளே வைத்துவிடு, வண்டியை எடுக்காதே. எனக்குப் போன் போடு, எந்நேரமானாலும் சரி.

அன்புடன்,
அப்பா