அவிழ்த்துவிட்டால் பாவம் தீருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 வீதியில் கட்டாக்காலி மாடுகளால் நடக்கும் விபத்துகள் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. அந்த மாடுகளில் சில எப்படி வீதிக்கு வருகின்றன என்று எனக்குத் தெரியும். உழைத்துக் களைத்த எருதை இறைச்சிக்கு விற்க மனம் வராது. கொட்டிலில் கிடந்து சாவதைப் பார்க்கவும் மனம் வராது. ஒருநாள் விடியப்புறம் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள், எங்கேயாவது மேய்ந்து பிழைக்கட்டும் என்று. போன கிழமை முறிகண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மதகடியில் அப்படி ஒரு கிழட்டு எருது விழுந்து கிடந்தது. காதிலிருந்த இலக்கத் தகட்டை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் இருக்கிறேன். போர் முடிந்து 2010இல் மீளக் குடியேறியபோது என் கணவர் முதலில் வாங்கியது தகரமும் இல்லை, சீமெந்தும் இல்லை. இரண்டு பல்லுப் போட்ட ஒரு சோடி நாம்பன், இளங்காளைகள். முழங்காவிலில் இருந்து இரண்டு நாள் நடத்திக் கொண்டுவந்தார். வண்டிலிலும் இழுத்தன, மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியிலும் ஓடின. ஒரு தடவை இரண்டாம் பரிசு. அந்தக் கிண்ணத்தில்தான் இன்றைக்கும் நான் உப்புப் போட்டு வைத்திருக்கிறேன். அவர் போய்விட்டார். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கெல்லாம் மாடுகள் விறைத்துச் செத்தனவே, அந்த இரவில் சோடியில் ஒன்றும் போனது. மற்றதை உரப்பைகளைச் சேர்த்துத் தைத்துப் போர்த்திக் காப்பாற்றினேன். அவன்தான் சிவலையன்.

இந்த வருடம் பட்டிப்பொங்கலுக்கு மாலை போட்டு எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், வாய்க்கால் கரைச் சேற்றில் பின்னங்கால் இரண்டும் விரிந்து விழுந்தான். 17 வயது. பெடியள் ஆறு பேர் சாக்கில் வைத்து இழுத்து வந்து வைக்கோலில் கிடத்தினார்கள். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மற்றப் பக்கம் புரட்டினோம். அவ்வளவு பெரிய உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் தன் பாரத்தாலேயே கீழே கிடக்கும் காலின் தசையும் நரம்பும் செத்துப்போகும். ஆனால் பகல் முழுக்க எனக்கு இருந்த வேலை வேறு. காகம். இடுப்பில் உரசிய புண்ணில் கொத்த வரும், விரட்டினால் வேலியில் போய் இருந்துகொண்டு கண்ணைப் பார்க்கும். வேப்பங்குழையோடு பக்கத்திலேயே இருந்தேன். சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டு. யாரைக் கேட்பது என்று சொல்லவும் ஆள் இல்லை.

வந்தவர்கள் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: பாவம் பிடிக்கும், தானாகப் போகட்டும். இறைச்சிக்காரரும் வந்தார், அரை விலை சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை, அது அவருடைய தொழில். ஆனால் எழும்ப முடியாத மாட்டைக் காலில் கயிறு போட்டு லொறியில் இழுத்து ஏற்றுவதை நினைக்க வயிறு கலங்கியது.

அன்றிரவு கனடாவில் இருந்து அண்ணையின் மகன் கதைத்தான். அங்கே குதிரை லாயத்தில் வேலை. குதிரைக்குக் கால் முறிந்தால் பெரும்பாலும் நோவில்லாமல் சாக விடும் ஊசிதானாம். அந்தப் பாரத்தை மூன்று காலில் நிற்க வைத்தால் நல்ல கால்களின் குளம்பும் பழுதாகிவிடுமாம். "மாமி, அவனுக்கு விருப்பமான மூன்று விஷயம் சொல்லுங்கோ" என்றான். வாய்க்காலில் குளிப்பு. எள்ளுப் புண்ணாக்கு. அப்புறம், நான் கூப்பிட்டால் காதைத் திருப்புவது. "இப்ப எது மிச்சம்?" என்று கேட்டான். காது மட்டும் என்றேன்.

திங்கள் காலை மிருக வைத்தியர் வந்தார். இடுப்பு விட்டுப்போயிற்று, இந்த வயதில் இனிச் சேராது என்றார். சரி, ஊசி போடுங்கள் என்றேன். முதலில் மயக்கம், பிறகு கழுத்து நரம்பில் மருந்து. தலை என் மடியில் இருந்தது. கண் திறந்தபடியே இருந்தது. வைத்தியர் விரலால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார், இமைக்கவில்லை. நெஞ்சில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார். மூன்று நாள் கிடந்த கிடைக்கு முன்னால் அது ஒரு நேரமே இல்லை. மூக்கில் கிடந்த நாணயக்கயிற்றை நானே அறுத்தேன். அந்த மருந்து இறைச்சியில் தங்கும், நாயோ நரியோ தின்றால் அதுகளும் சாகலாம், ஆழமாகப் புதைக்க வேண்டும் என்றார். குழி தோண்டிய பெக்கோ இயந்திரக்காரத் தம்பி டீசலுக்கு மட்டும் காசு வாங்கினார்.

அவிழ்த்துவிடுகிறவர்களுக்கு இரக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். சட்டத்தைக் காட்டியும் அவர்களைத் தடுக்க முடியாது. மிருகவதையைத் தடுக்கும் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது, ஆகக் கூடிய தண்டம் 100 ரூபா. இன்றைக்கு அதற்கு ஒரு தேங்காய் வராது.

நான் கேட்பது சின்ன விஷயம். மாட்டுக்குக் காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோய்த் தடுப்பூசிக்கு வீடு வீடாக வருகிறவர்கள், வயது போன மாடு வைத்திருப்பவரிடம் இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சனி, ஞாயிறுகளில் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு பால் சேகரிப்பு நிலையத்தின் சுவரிலும் பெயின்ரால் எழுதிவிடலாம். எங்கள் ஊர் நிலையத்தில் சுவர் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வட்டக்கச்சி.