கூரைமேல் ஓர் ஏரியல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கம் தமிழ் வானொலி தெளிவாக எடுப்பதில்லை, இனி எல்லாரும் கைப்பேசியில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று வாசகர் ஒருவர் அண்மையில் இதே பகுதியில் எழுதியிருந்தார். கோலாலம்பூர் செந்தூலில் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்த்தே குடும்பத்தை நடத்தியவன் நான். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

என்னிடம் பெரியவர்கள் தூக்கிக்கொண்டு வரும் பெட்டிகளில் பல நல்ல பெட்டிகள். கடை வாசலில் வைத்துத் திருகினால் நம் தமிழ் நிலையமான மின்னல் எஃப்எம் 96.3-இல் கணீரென்று பாடும். வீட்டுக்குப் போனதும் மறுபடியும் கரகரப்பு. பெட்டி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிக் காசைத் தொலைக்கிறார்கள். அதுவும் கரகரக்கும்.

பண்பலை, அதாவது எஃப்எம், ஏறக்குறைய நேர்க்கோட்டில் வருவது. கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமுமான கிள்ளான் பள்ளத்தாக்கில் கேட்கும் நிலையங்கள் பெரும்பாலும் கெந்திங் பக்கத்து உலு காலி மலையிலிருந்தோ கே.எல். கோபுரத்திலிருந்தோ வருகின்றன. உலு காலி 1,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். ஒரு காலத்தில் எங்கள் வரிசை வீட்டு மாடியில் நின்றால் வடகிழக்கே மலைத்தொடர் தெரியும். இப்போது நடுவில் முப்பது, நாற்பது மாடிக் கட்டடங்கள். அலை அவற்றில் மோதித் திரும்பி, நேராக வரும் அலைக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. செய்தி வாசிப்பவர் 'ச' என்று தொடங்கும் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் குரல் கிழிகிறதே, அது இதனால்தான். கைப்பிடி அளவு கம்பியை நீட்டி, இரும்பு அலமாரிமேல் பெட்டியை வைத்தால் வேறு எப்படிக் கேட்கும்?

பின்தெருவில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவருக்குக் காலையில் பக்திப் பாடல் ஓடாவிட்டால் அடுப்பு மூட்டவே கை வராது. அவர் வீட்டில் முதலில் எல்.இ.டி. விளக்கையும் கைப்பேசி சார்ஜரையும் அணைத்துப் பார்த்தேன். இரைச்சலில் பாதி அப்போதே போனது. மலிவான சார்ஜர்கள் செய்யும் வேலை அது. மீதியைக் கூரைமேல்தான் தீர்க்க முடிந்தது. அங்கே நிறுத்த ஓர் ஏரியல், அதாவது அலைவாங்கி, நானே செய்தேன்.

இரண்டு அலுமினியக் குழாய்கள், ஒவ்வொன்றும் 74 சென்டிமீட்டர். இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஒரே நேராகப் பிவிசி குழாயில் பொருத்தினேன். தொலைக்காட்சி ஏரியலுக்குப் போடும் 75 ஓம் கேபிளின் நடுக்கம்பி ஒரு குழாய்க்கு, அதைச் சுற்றியுள்ள கம்பிவலை மற்றதற்கு. இணைப்பில் மழைநீர் இறங்காதபடி நன்றாகச் சுற்றிக் கட்ட வேண்டும். நம் ஊர் வெயிலும் மழையும் செம்பைச் சீக்கிரம் பச்சையாக்கிவிடும். குழாயின் முனை மலையைப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டுதான் பார்க்க வேண்டும். படுக்கையாக வைத்துக் கேளுங்கள், நிமிர்த்தி வைத்தும் கேளுங்கள், எது தெளிவோ அப்படியே முடுக்கிவிடுங்கள். கேபிளின் மறுமுனையை வானொலியின் இழுப்புக் கம்பியில் ஒரு கிளிப்பால் மாட்டியதும் பாட்டி கேட்டது, "இது நம்ம பெட்டிதானா?" என்றுதான்.

கூரையில் ஏற்கனவே தொலைக்காட்சி ஏரியல் இருக்கிறதே என்பார்கள். 2019 அக்டோபரோடு பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. இன்றைய டிஜிட்டல் ஏரியல் அரை மீட்டர் அளவிலான அலைகளுக்குச் செய்தது. பண்பலையின் அலைநீளம் சுமார் மூன்று மீட்டர். அதை நம்பிப் பயனில்லை. பழைய கம்பத்தை மட்டும் யாரும் பிடுங்கிப் போடாதீர்கள், நல்ல உயரத்தில் நிற்கிறது.

'பூஸ்டர்' வாங்கச் சொல்லும் கடைக்காரர்களையும் கேட்காதீர்கள். கே.எல். கோபுரத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கும் செந்தூலில் அது வலுவான நிலையங்களைத்தான் இன்னும் பெருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மெலிந்து வரும் நிலையம் அடியில் அமுங்கிப் போகும்.

இடிமின்னல் விஷயத்தில் யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். கம்பத்திலிருந்து தடித்த செம்புக் கம்பியை மண்ணில் அடித்த எர்த் கம்பிக்கு இறக்குங்கள். வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றி வையுங்கள். மின்கம்பி போகும் பக்கம் ஏணியே வைக்காதீர்கள். பெரியவர்கள் கூரை ஏறவே வேண்டாம்.

கைப்பேசியில் கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்தவருக்கு? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பகுதி மூழ்கியபோது கைப்பேசிக்கு மின்னேற்ற வழியில்லாமல் மாடியில் தவித்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! நான்கு பேட்டரியில் நாள்கணக்காகப் பேசும் பெட்டி ஒவ்வொரு தமிழர் வீட்டிலும் இருக்க வேண்டும், அது தெளிவாகவும் கேட்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை அடுக்குமாடிகளில் வாழ்பவர்களைப் பற்றியது. சன்னலுக்கு வெளியே கம்பி நீட்டினால் நிர்வாகம் அபராதம் போடுகிறது. அழகு கெடுகிறதாம், விழுந்தால் ஆபத்தாம். ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மொட்டை மாடியில் பொதுவாக ஒரு பண்பலை ஏரியல் நிறுத்துங்கள். பல கட்டடங்களில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிக் கேபிள் ஏற்கனவே ஓடுகிறது. இரண்டு ஏரியல்களின் அலைகளையும் ஒன்றாகச் சேர்க்கும் ஓர் இணைப்பானைப் போட்டு அதே கேபிளில் வானொலியையும் அனுப்பிவிடலாம். நிர்வாகக் குழுக்களில் இருக்கும் நம் இளைஞர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். செந்தூல் வட்டாரத்தில் எந்தக் கட்டடமானாலும், எங்கே நிறுத்தலாம் என்று பார்த்துச் சொல்ல நான் வருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய வானொலி பழுதுபார்ப்பாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.