பார்க்கவும் கற்றுக்கொடுங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரைப் பற்றிய அந்த 14 விநாடி வீடியோ உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். மாணவன் ஒருவனின் கையைப் பிடித்து இழுக்கிறார், கத்துகிறார். அதற்குச் சற்று முன்னால் அவன் மின்கம்பி தொங்கும் சுவரில் ஏறிக்கொண்டிருந்தான். அந்தப் பகுதியை யாரோ வெட்டிவிட்டு, சோக இசையையும் சேர்த்துவிட்டார்கள். முழுப் பதிவு பிறகு வெளிவந்தது. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை. ஆசிரியை இன்னும் வகுப்புக்குத் திரும்பவில்லை. அவரைத் திட்டியவர்களில் பலர் அவரிடமே படித்தவர்கள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவர்கள்.

உங்களிடமிருந்து வந்தது ஒரு சுற்றறிக்கை: 'சரிபார்க்காமல் பகிராதீர்கள்.' சரி, எப்படிச் சரிபார்ப்பது? அதைச் சொல்லித்தரும் பாடவேளை எங்கே? செய்யுளை அசை அசையாகப் பிரிக்கச் சொல்லித்தருகிறோம். ஒரு காட்சியில் வெட்டு எங்கே விழுந்திருக்கிறது, ஒலி எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்க்க மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.

எல்லாவற்றுக்கும் செயற்கை நுண்ணறிவைக் காரணம் காட்டாதீர்கள். 2019இல் அமெரிக்க அரசியல்வாதி நான்சி பெலோசியின் பேச்சை ஏறத்தாழ 75 சதவீத வேகத்துக்குக் குறைத்துப் பரப்பினார்கள். நாக்குக் குழறுவதுபோல் தெரிந்தது. வேகத்தைக் குறைத்ததுதான் முக்கிய வித்தை. நம்ப ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

இதெல்லாம் புதுக் கோரிக்கையும் இல்லை. மழலையர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை, பெரியவர்களுக்கும்கூட, ஊடகக் கல்வி வேண்டும் என்று ஜெர்மனியின் குரூன்வால்டில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தின் பிரகடனம் 1982இலேயே கேட்டது. அப்போது கைபேசி விற்பனைக்கே வரவில்லை. வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு மாட்ட மட்டும் நமக்கு நிதி கிடைத்துவிடுகிறது. அதில் ஓடுவதைக் கேள்வி கேட்கச் சொல்லித்தர நேரம்தான் இல்லையாம்!

கொஞ்சம் காரமாகப் பேசிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது இதுதான்: காட்சியைப் பார்க்கக் கற்றுத்தரும் பாடவேளை வாரத்துக்கு ஒன்று வேண்டும். அதில் ஒரே பதிவைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒரு குழு ஒருவரை நல்லவராகவும் இன்னொரு குழு அவரையே கெட்டவராகவும் காட்டும்படி வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். தானே ஒருமுறை வெட்டிப் பார்த்த பிள்ளை, அடுத்தவர் வெட்டியதை எளிதில் கண்டுபிடிக்கும். பெற்றோருக்கும் மாலையில் இதே வகுப்பு நடக்கட்டும். தயவுசெய்து இதற்கு மதிப்பெண் மட்டும் வைத்துவிடாதீர்கள். அப்புறம் இதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

வரும் கல்வியாண்டுக்குள் இதைத் தொடங்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியர்