உடற்பரிசோதனைத் தொகுப்பில் ஏஎன்ஏ எதற்கு?

சிங்கப்பூரில் உடற்பரிசோதனைத் தொகுப்புகளை விற்கும் தனியார் மருந்தகங்களுக்கும், முடிவுகளை அச்சிட்டுத் தரும் ஆய்வுக்கூடங்களுக்கும் வணக்கம்.

கொலஸ்ட்ரால், சர்க்கரை, யூரிக் ஆசிட் வரிசையில் ஏஎன்ஏவையும் சேர்த்துவிடுகிறீர்கள். உடலின் சொந்த உயிரணுக் கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் உள்ளதா என்று பார்க்கும் பரிசோதனை இது. முடிவில் ‘பாசிட்டிவ்’ என்று ஒரே சொல். அதைக் கைப்பேசியில் பார்த்தவர் அன்றிரவே லூப்பஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் பற்றித் தேடிப் படித்துக் கலங்கிப்போகிறார். நோய்க்குறி ஏதும் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

காரணம் பரிசோதனையின் இயல்பிலேயே இருக்கிறது. சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு என நீர்க்கவைத்து, ஹெப்-2 என்னும் ஆய்வுக்கூட மனித உயிரணுக்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் இட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எந்த நீர்ப்பு வரை ஒளிர்வு தெரிகிறதோ அதுவே முடிவு. ஆகவே 1:640 என்பது 1:160ஐவிட அதிகம். தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம். பார்ப்பது மனிதக் கண் என்பதால் ஒரு படி முன்பின் வருவது சகஜம். 160 அடுத்த முறை 320 ஆனால் நோய் முற்றிவிட்டதாகப் பொருள் இல்லை.

1997இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், ஆரோக்கியமானவர்களிலேயே 1:40 அளவில் சுமார் 32 விழுக்காட்டினருக்கும், 1:80இல் 13 விழுக்காட்டினருக்கும், 1:160இல் 5 விழுக்காட்டினருக்கும் பாசிட்டிவ் வந்தது. தைராய்டு கோளாறு, வயது, காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசின் ஆகியவையும் இதைத் தூண்டும். லூப்பஸ் வகைப்பாட்டுக்கான 2019 விதிகளில் 1:80 வெறும் நுழைவாயில்தான். அதற்குமேல் நோய்க்குறிகளும் மற்றப் பரிசோதனைகளும் சேர்ந்து 10 புள்ளிகள் வரவேண்டும்.

ஆய்வுக்கூடங்களே, முடிவுத்தாளில் மூன்று விவரங்களை விடாமல் போடுங்கள்: நீர்ப்பு எண், ஒளிர்வு வடிவம், செய்த முறை. நுண்ணோக்கி இல்லாமல் கருவியால் அளக்கும் எலைசா முறையில் வந்த எண்ணையும் நுண்ணோக்கியில் வந்த எண்ணையும் ஒப்பிடவே முடியாது. வடிவமும் முக்கியம். சென்ட்ரோமியர் வடிவம் வந்தால் தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மாவை நினைக்க வேண்டும். அடர்ந்த நுண்புள்ளி வடிவம் மட்டும் வந்து, டிஎஃப்எஸ்70 என்ற ஆன்டிபாடி தவிர வேறு எதுவும் இல்லையென்றால் லூப்பஸுக்கு வாய்ப்புக் குறைவு.

மருத்துவர்களே, காலையில் நெடுநேரம் நீடிக்கும் மூட்டு விறைப்பு, வெயில் பட்டால் தடிக்கும் தோல், குளிரில் வெளுத்து நீலமாகும் விரல்கள், காரணம் தெரியாத வாய்ப்புண், சிறுநீரில் புரதம் போன்றவை இருந்தால் தாராளமாக ஏஎன்ஏ எழுதுங்கள். பாசிட்டிவ் வந்தால் நோய்க்குறிக்கு ஏற்ப இரட்டை இழை டிஎன்ஏ ஆன்டிபாடி, இஎன்ஏ (கருவின் குறிப்பிட்ட புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள்), சி3, சி4 (நோயெதிர்ப்புப் புரதங்கள்), முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீர்ப் பரிசோதனை. ஏஎன்ஏவையே மறுபடி மறுபடி எடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை. நோய் ஏறுவதும் இறங்குவதும் அதில் தெரியாது.

நெகட்டிவ் வந்தாலும் தசை பலவீனம் உள்ளவரை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். தசை அழற்சியில் காணப்படும் ஜோ-1 ஆன்டிபாடியின் இலக்கு உயிரணுக் கருவுக்கு வெளியே இருப்பதால் ஏஎன்ஏவில் தப்பிவிடலாம். ரோ ஆன்டிபாடியும் சில சமயம் அப்படித்தான். ரோ இருப்பது தெரிந்த பெண் கருவுற்றால், நோய்க்குறி இல்லாவிட்டாலும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். சிறு விகிதத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு பாதிக்கப்படுவதுண்டு.

அடுத்த விலைப்பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும்முன் ஏஎன்ஏ வரியை எடுத்துவிடுங்கள். அதுவரை, பாசிட்டிவ் வந்தவர்களுக்கு மேற்சொன்ன விளக்கத்தைத் தமிழிலும் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுங்கள்.